ஸ்டோமா பை எந்த பிராண்ட் நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி

கேள்வி: வணக்கம் சிஸ்டர். நாங்க சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்கோம். என் மாமியாருக்கு 67 வயசு. மலக்குடல்ல (ரெக்டம்ல) கேன்சர்னு ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு, வயித்துல வலது பக்கம் தற்காலிகமா ஐலியோஸ்டோமி வச்சிருக்காங்க. சிறுகுடலை வயித்து வழியா வெளிய எடுத்து வச்ச அந்த வாயைத்தான் ஸ்டோமாங்கிறாங்க, மலம் அது மேல ஒட்டுற பைக்குள்ள வருது. பை லீக் ஆகிட்டே இருக்கு. நின்னா ஒண்ணும் இல்ல, கீழ உக்காந்து சாமி கும்பிட்டாலோ காய் நறுக்கினாலோ அடிப்பக்கமா கசியுது. சுத்தி தோல் செவந்து எரியுதுங்கிறாங்க, தேங்காய் எண்ணெய் தடவி விடுறோம். பயந்துகிட்டு சாப்பாட்டைக் கொறச்சிட்டாங்க, கோயிலுக்கும் வர மாட்டேங்குறாங்க. ஷாப்பில நாலு பிராண்ட் வாங்கிப் பாத்தாச்சு, ஒண்ணோட தட்டுல (தோல்ல ஒட்டுற பாகம்) இன்னொண்ணோட பை மாட்டவே இல்ல. லண்டன்ல என் சின்னம்மா பொண்ணோட மாமனாருக்கும் இதே மாதிரி பை இருக்கு, அங்க நர்ஸே பிரிஸ்கிரிப்ஷன் எழுதிடுறாங்க, ஃப்ரீயா வீட்டுக்கே வருதாம். இங்க நர்ஸ் "இத ட்ரை பண்ணிப் பாருங்க"ன்னு மட்டும்தான் சொல்றாங்க. இங்க நர்ஸுக்கு அந்த பவர் இல்லையா? டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கணுமா? என் மாமனாருக்கு 20 வருஷமா சுகர், ராத்திரி யூரின் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சுகிட்டே இருக்கு, ரெண்டு பேம்பர்ஸ் ஒண்ணு மேல ஒண்ணு போட்டாலும் பெட்ஷீட் நனையுது. ரெண்டு பேருக்கும் எது நல்ல பிராண்ட்னு சொன்னா போதும்.

பதில்: வணக்கம்மா. வீட்டுல ரெண்டு பெரியவங்க, ரெண்டு பேருக்கும் வெளிய சொல்ல கூச்சப்படுற பிரச்சனை, அதை நீங்க ஒருத்தரா நின்னு பாத்துக்குறீங்க. நான் இங்க ஆஸ்பத்திரியில ஸ்டோமா, யூரின் கன்ட்ரோல் பிரச்சனைகளைப் பாக்குற நர்ஸ், அதனால உங்க லெட்டர்ல இருக்குற ஒவ்வொரு வரியும் எனக்கு ஒரு க்ளூ. பிராண்ட் பேர் மட்டும் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க, அதை மட்டும் நான் சொல்லப் போறதில்ல, ஏன்னு படிச்சிட்டே வந்தீங்கன்னா புரியும்.

முதல்ல லண்டன் விஷயத்தைப் பாத்துடுவோம், அது உங்க மனசை ரொம்ப உறுத்துதுன்னு தெரியுது. அங்க நர்ஸுங்களுக்கு எழுதுற உரிமை சும்மா வந்துடல. 1986-ல கம்பர்லெஜ் கமிட்டி அறிக்கையில, வீடு வீடா போற நர்ஸுங்க, புண்ணுக்குக் கட்டுற டிரெஸ்ஸிங் மாதிரி சாதாரண சாமானுக்குக் கூட டாக்டர் கையெழுத்துக்காக காத்து நின்னு நேரத்தை வீணாக்குறாங்க, இத்தனைக்கும் எது வேணும்னு முடிவு பண்றதே அந்த நர்ஸ்தான்னு எழுதினாங்க. அதுக்கப்புறம் 1992-ல சட்டம் வந்து 1994-ல சில இடங்கள்ல மட்டும் ஆரம்பிச்சாங்க. ஸ்டோமா பை, யூரின் வெளிய வர உள்ள விடுற குழாய் (கதீட்டர்), யூரின் பை எல்லாம் அவங்களோட டிரக் டாரிஃப்னு ஒரு புத்தகத்துல 9-ஆவது பகுதியில வரும், அதுல இருக்குறதை எழுதினாத்தான் அரசாங்கம் பணம் குடுக்கும். இங்கிலாந்துல 60 வயசு தாண்டினவங்களுக்கு பிரிஸ்கிரிப்ஷன் ஃப்ரீ, நிரந்தரமா ஸ்டோமா இருக்குறவங்களுக்கு வயசு எதுவா இருந்தாலும் ஃப்ரீ.

அதாவது அங்க அந்தத் தாள் எதுக்குன்னா பணம் யார் கட்டுறதுங்குறதுக்கு. ஸ்டோமா பை மருந்தே கிடையாது, இங்க சிங்கப்பூர்ல அதை வாங்க யார் கையெழுத்தும் வேண்டாம், நீங்களே ஷாப்பில வாங்கியிருக்கீங்களே. அதனால டாக்டர் லெட்டர்னு அலைய வேண்டாம், லெட்டர் வந்தாலும் லீக் நிக்காது. இன்னொண்ணும் சொல்லிடுறேன், அதே இங்கிலாந்துல பெரியவங்க டயப்பர் பிரிஸ்கிரிப்ஷன்ல கிடையவே கிடையாது, நர்ஸ் வந்து முழுசா பரிசோதிச்சு எழுதி வச்ச பிறகுதான் தனி சர்வீஸ் மூலமா வரும். பரிசோதனை முதல்ல, சாமான் அப்புறம். அந்த ஒழுங்கைத்தான் நாம அவங்ககிட்ட இருந்து எடுத்துக்கணும்.

இங்க நர்ஸுக்கு பவரே இல்லையான்னா, இருக்கு. மாஸ்டர்ஸ் படிச்சு ஏபிஎன்னு (அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ்) தனியா பதிவு பண்ணின நர்ஸுங்க இருக்காங்க, 2018-ல இருந்து அதுக்குன்னு ஒரு கோர்ஸும் ஆரம்பிச்சாங்க, அதை முடிச்சவங்க அவங்க டாக்டர் டீமோட ஒரு ஒப்பந்தத்துக்குள்ள மருந்தே எழுதலாம். பைக்கு அது தேவையில்ல, ஆனா உங்க அத்தை கேஸ்ல மருந்து தேவைப்படக்கூடிய இடம் ரெண்டு இருக்கு, கீழ சொல்றேன். மத்தபடி ஸ்டோமா நர்ஸ் "இத ட்ரை பண்ணுங்க"ன்னு சொல்றாங்கன்னா அதை லேசா எடுக்காதீங்க. இந்த வேலையே நோயாளிங்க வீட்டுல இருந்து வந்த வேலைதான். 1954-ல டென்மார்க்ல எலிசே சோரென்சன்னு ஒரு நர்ஸ், தன் தங்கச்சி தோராவுக்கு ஸ்டோமா வச்ச பிறகு எங்க பொது இடத்துல கசிஞ்சிடுமோன்னு வீட்டை விட்டே வெளிய வராம இருந்ததைப் பாத்து, ஒட்டுற மாதிரி ஒரு பை பண்ணினா என்னன்னு யோசிச்சாங்க, இன்னைக்கு நீங்க வாங்குற பை எல்லாம் அந்த யோசனையோட பேரப்பிள்ளைங்கதான். அமெரிக்காவுல 1958-ல கிளீவ்லண்ட் கிளினிக்ல டர்ன்புல்னு ஒரு சர்ஜன், தனக்கே ஐலியோஸ்டோமி இருந்த நார்மா கில்ங்குற அம்மாவை, மத்த நோயாளிங்களுக்கு சொல்லிக் குடுக்கறதுக்குன்னே வேலைக்கு வச்சார், ஸ்டோமா நர்ஸிங்னு ஒரு துறை உருவானது அப்படித்தான். உங்க அத்தையோட பயம் தோராவோட பயம்தான்மா, புதுசு இல்ல, அதுக்கு வழியும் இருக்கு.

இப்ப அத்தை விஷயம். நின்னா சரியா இருக்கு, உக்காந்தா அடிப்பக்கம் கசியுதுன்னு எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு வரி நாலு பிராண்டை விட மதிப்பு. ஸ்டோமாவைப் படுக்க வச்சுப் பாத்தா வயிறு சமமாத்தான் தெரியும். உக்கார வச்சு, குனிய வச்சு, அவங்க வீட்டுல எப்படி சம்மணம் போட்டு உக்காருவாங்களோ அப்படி உக்கார வச்சுப் பாத்தாத்தான் எங்க மடிப்பு விழுதுன்னு தெரியும், அந்த மடிப்புக்குள்ளதான் தட்டு தூக்கிக்கும், திரவம் அந்த வழியா இறங்கும். கிளினிக்ல இதை யாரும் பாக்கலன்னா நீங்களே கேளுங்க, "உக்கார வச்சுப் பாருங்க மிஸி"ன்னு (மிஸின்னா இங்க நர்ஸ்) கூச்சப்படாம சொல்லுங்க. தற்காலிகமா வைக்குற ஐலியோஸ்டோமில இன்னொரு விஷயம், குடலை வளைச்சு வெளிய எடுத்திருப்பாங்க, சில பேருக்கு மலம் வர்ற வாய் உச்சியில இல்லாம கீழ பாத்து தோலோட தோலா இருக்கும், அப்ப சாதா சமமான தட்டு போட்டா பைக்குள்ள விழ வேண்டியது தட்டுக்கு அடியில போகும். அந்த மாதிரி இருந்தா நடுவுல லேசா குவிஞ்ச தட்டு, கான்வெக்ஸ்னு சொல்வோம், அது சுத்தியிருக்குற தோலை மெதுவா அமுக்கி ஸ்டோமாவைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வரும். அதுல மெதுவானதும் உண்டு, கெட்டியானதும் உண்டு, எதுன்னு தொட்டுப் பாத்துத்தான் முடிவு பண்ண முடியும். தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டு நேரா ஷாப்பில கான்வெக்ஸ் ஆர்டர் பண்ணாதீங்க. ஸ்டோமா பக்கத்துல குடலிறக்கம் இருந்தாலோ, தையல் போட்ட இடம் இன்னும் ஒட்டாம இருந்தாலோ கெட்டியான கான்வெக்ஸ் புண்ணாக்கிடும்.

ரெண்டாவது, ஸ்டோமா நுழையறதுக்கு தட்டுல வெட்டுற ஓட்டை. நீங்க எழுதல, ஆனா நான் கேக்குறேன், ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது குடுத்த அட்டையை வச்சுத்தான் இன்னும் வெட்டுறீங்களா? நிறைய வீட்டுல அப்படித்தான் நடக்குது. ஆபரேஷன் ஆன முதல் 6 முதல் 8 வாரத்துல வீக்கம் வத்தி ஸ்டோமா சுருங்கிக்கிட்டே வரும், அப்ப வெட்டின அளவு இப்ப பெருசா இருக்கும், நடுவுல தெரியுற தோல் மேல நாள் பூரா திரவம் படும். ஐலியோஸ்டோமில வர்றது சாதா மலம் இல்ல, சாப்பாட்டை செரிக்க வைக்குற எல்லா என்ஸைமும் அதுல இருக்கு, அது தோலையும் செரிக்கப் பாக்கும், அந்த எரிச்சல் அதுதான். அளவு எடுக்குற அட்டை ஒண்ணு பெட்டியிலேயே இருக்கும், இந்த வாரமே அளந்து பாருங்க, ஸ்டோமாவை விட 2 அல்லது 3 மில்லிமீட்டர் பெருசா வெட்டினா போதும். அத்தையோட ஸ்டோமா முழு வட்டமா இல்லாம முட்டை வடிவமா இருந்தா அந்த வடிவத்துக்கே வெட்டணும்.

தேங்காய் எண்ணெயை இன்னைக்கே நிறுத்துங்க. நம்ம வீட்டுல எதுக்கெடுத்தாலும் எண்ணெய்தான், அன்பாத்தான் தடவுறீங்க, ஆனா எண்ணெய் இருக்குற தோல்ல எந்தத் தட்டும் ஒட்டாது, லீக் ஆகும், தோல் வேகும், வெந்த தோல்ல மறுபடி எண்ணெய், இப்படியே சுத்துது. பேபி வைப்ஸ், டெட்டால், லோஷன் எதுவும் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணி, மெல்லிசான துணி, நல்லா ஒத்தி ஒத்தி காய வைங்க. தோல் ஈரமா கசிஞ்சா ஸ்டோமா பவுடர் கொஞ்சமா தூவி, மிச்சத்தை தட்டி விட்டுடுங்க, பவுடர் அதிகமா இருந்தாலும் ஒட்டாது. பேஸ்ட் ட்யூப் வச்சிருந்தா புண்ணான இடத்துல போடாதீங்க, நிறைய பேஸ்ட்ல ஆல்கஹால் இருக்கு, அத்தை துடிச்சிடுவாங்க, அதுக்குப் பதிலா மோதிரம் மாதிரி வர்ற சீல் இருக்கு, எரியாது, மடிப்பையும் நிரப்பும். இன்னொண்ணு பாருங்க, செவப்புக்கு வெளிய தள்ளி சின்னச் சின்ன புள்ளியா பரவி, எரிச்சலை விட அரிப்பு அதிகமா இருந்தா அது ஃபங்கஸா இருக்கலாம், நம்ம ஊர் வேர்வைக்கு அது தட்டுக்கு அடியில நல்லா வளரும், சுகர் இருக்குறவங்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். அதுக்கு மருந்து வேணும், நான் மேல சொன்னேனே மருந்து தேவைப்படுற இடம்னு, இது ஒண்ணு, இதை டாக்டரோ எழுத அனுமதி இருக்குற ஏபிஎன்னோ எழுதணும், நீங்களா ஃபார்மசியில க்ரீம் வாங்கித் தடவினா தட்டு வழுக்கிட்டுப் போயிடும்.

பை மாத்துறதை காலையில அத்தை எதுவும் சாப்பிடுறதுக்கு முன்னாடி வச்சுக்குங்க, அப்பதான் குறைவா வரும். குளிச்ச உடனே வேர்க்கும், ஃபேனைப் போட்டு அஞ்சு நிமிஷம் உக்கார வைங்க, முடிஞ்சா ஏர்கான் ரூம்லயே மாத்துங்க. தட்டை ஒட்டுறதுக்கு முன்னாடி உள்ளங்கையில வச்சு சூடாக்குங்க, ஒட்டின பிறகும் மேல கையை வச்சு கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்க, அந்தப் பசை சூட்டுலதான் நல்லா பிடிக்கும். பை மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் நிறையறதுக்குள்ள காலி பண்ணிடணும், முழுசா நிறைய விட்டா எடை இழுத்து தட்டைத் தூக்கிடும். பாவாடை நாடா எங்க விழுதுன்னும் பாருங்க, நாடா சரியா தட்டு மேல விழுந்தா உக்காரும்போது இழுக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடியே ஸ்டோமா எங்க வைக்கணும்னு பேனாவால குறிக்கும்போது சேலை கட்டுவாங்களா, எங்க கட்டுவாங்கன்னு கேட்டுத்தான் குறிக்கணும், அவசர ஆபரேஷன்ல அதுக்கு நேரம் இருக்காது. இப்ப செய்யக்கூடியது, நாடாவை ரெண்டு விரல்கடை மேலயோ கீழயோ மாத்திக் கட்டுறது, இல்ல எலாஸ்டிக் பாவாடைக்கு மாறுறது, தேக்காவுல (லிட்டில் இந்தியா) எந்த டெய்லர்கிட்ட குடுத்தாலும் தைச்சுக் குடுப்பாங்க.

சாப்பாட்டைக் கொறச்சா லீக் கொறையும்னு அத்தை நினைக்கிறாங்க. அதுல எனக்கு ரொம்ப கவலை. ஐலியோஸ்டோமில உப்பும் தண்ணியும் நிறைய வெளிய போயிடும், அந்த வயசுல சாப்பிடாம இருந்தா தலை சுத்தி விழுவாங்க. கொஞ்சம் கொஞ்சமா பல தடவை சாப்பிடட்டும், கஞ்சி, இட்லி, வாழைப்பழம், தயிர் சாதம் எல்லாம் கட்டியாக்கும். தேங்காய்ப் பத்தை, முருங்கைக்காய் சக்கை, கீரைத்தண்டு, காளான், சோளம் இதெல்லாம் அடைச்சுக்கும், இந்த முதல் மாசங்கள்ல வேண்டாம். ரொம்ப தண்ணியா போனா வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் கணக்கா குடிக்க வைக்காதீங்க, அது இன்னும் அதிகமா போக வைக்கும், ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரை கலந்த கரைசல்) குடுங்க. அத்தைக்கு கிட்னி, இதயப் பிரச்சனை இருந்தா எவ்வளவுன்னு கேட்டுட்டுக் குடுங்க. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல போனா அது பையோட பிரச்சனையே இல்ல, எந்த பிராண்டும் தாங்காது, கட்டுப்படுத்த மாத்திரை தேவைப்படும், இது நான் சொன்ன ரெண்டாவது இடம், இன்னைக்கே டாக்டர் டீமைக் கூப்பிடணும். மாத்திரைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, அத்தை எடுக்குற மாத்திரை எதாவது கரையாம அப்படியே பைக்குள்ள கிடக்குதான்னு பாருங்க, மெதுவா கரையுற மாதிரி செஞ்ச மாத்திரைங்க இவங்க உடம்புல சேராமலேயே வெளிய வந்துடும், ஃபார்மசிஸ்ட்கிட்ட சொன்னா வேற வடிவத்துக்கு மாத்திக் குடுப்பாங்க.

ஸ்டோமா எப்பவும் நாக்கு மாதிரி செவப்பா ஈரமா இருக்கணும். கருப்பாவோ கருநீலமாவோ மாறினா, இல்ல பல மணி நேரமா எதுவும் வராம வயிறு முறுக்கி வாந்தி வந்தா, அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, நேரா ஏ அண்ட் இ (ஆஸ்பத்திரி எமர்ஜென்சி) போயிடுங்க.

இப்ப பிராண்டுக்கு வரேன். கோலோபிளாஸ்ட், கான்வாடெக், ஹாலிஸ்டர் இப்படி இங்க கிடைக்குற பெரிய கம்பெனி எல்லாமே நல்ல சாமான்தான் செய்யுறாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் சமமான தட்டும் இருக்கு கான்வெக்ஸும் இருக்கு. கண்ணாடி வாங்கப் போனா ஃபிரேம் எந்தக் கம்பெனிங்குறதை விட பவர் சரியா இருக்கான்னுதானே பாப்போம், அதே கதைதான். தட்டும் பையும் தனித்தனியா வர்ற வகையில ஒவ்வொரு கம்பெனிக்கும் பூட்டுற முறை வேற, வளையத்தோட அளவு வேற, அதனாலதான் உங்களுக்கு மாட்டல, சாமான்ல குறை இல்ல. கம்பெனிங்க ஃப்ரீ சாம்பிள் அனுப்புவாங்க, வாங்கிக்குங்க, தப்பில்ல, ஆனா ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, தட்டு, சீல், பை எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது உதவுச்சுன்னே தெரியாம போயிடும். இங்கிலாந்துலயே பல வருஷமா இது ஒரு பெரிய சர்ச்சை, பை விக்குற கம்பெனியே ஸ்டோமா நர்ஸுக்கு சம்பளம் குடுத்தா அந்த நர்ஸ் யாரோட பையை எழுதுவாங்கன்னு. நர்ஸா இருந்துகிட்டே சொல்றேன், அந்தக் கேள்வி நியாயமானது, எங்களைப் பாத்து தைரியமா கேளுங்க, "ஏன் மிஸி இந்த பிராண்ட், வேற எது இவங்களுக்கு ஒத்துவரும்"னு. நல்ல நர்ஸ் கோவிச்சுக்க மாட்டாங்க, வயித்தைக் காட்டி காரணம் சொல்வாங்க, ரெண்டு மூணு வகை எடுத்து வைப்பாங்க, அத்தை கையால மாட்டிப் பாக்கச் சொல்வாங்க. பிரிஸ்கிரிப்ஷன்னு ஒரு தாள் வேணும்னு நினைச்சீங்கல்ல, அதை இப்படி கேட்டு வாங்குங்க: ஸ்டோமாவோட அளவு மில்லிமீட்டர்ல, தட்டு எந்த வகை, அதோட கோட் நம்பர், சீல் எது, வாரத்துக்கு எத்தனை தட்டு எத்தனை பை. இதை எழுதி வாங்கிட்டா அப்புறம் எந்தக் கடையில வாங்கினாலும் தப்பான சாமான் வராது. அந்தத் தாளுக்கு சட்டப்படி எந்த பலமும் இல்ல, ஆனா நான் பாத்த வரைக்கும் வீட்டுல உண்மையா பலன் தர்றது அதுதான். மொத்தமா பெட்டி பெட்டியா வாங்காதீங்க, உடம்பு இளைச்சாலோ வெயிட் போட்டாலோ வயிறு மாறும், தட்டும் மாறும். கார்லயோ வெயில் படுற ஜன்னல் ஓரத்துலயோ வைக்காதீங்க, பசை போயிடும்.

செலவு விஷயத்துல உங்க ஆதங்கம் எனக்கும் இருக்கு. மாசா மாசம் இதுக்கு ஆகுற வெள்ளி (டாலர்) ஒரு சாதாரண குடும்பத்துக்கு சுமைதான், நல்ல சீல் வாங்க யோசிச்சு டிஷ்யூவை மடிச்சு வச்சு ஒட்டுறவங்களைப் பாக்குறப்ப மனசு கனக்கும். நர்ஸ் பரிசோதிச்சு எழுதினா அந்த சாமானுக்கு மானியமும் கூடவே வர்ற மாதிரி இங்கயும் ஒரு ஏற்பாடு வரணும்னு நான் நினைக்கிறேன், கையெழுத்து அதிகாரம் மட்டும் வந்து பணம் வரலன்னா அத்தைக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. இப்போதைக்கு உங்க ஆஸ்பத்திரி மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பாருங்க, சிங்கப்பூர் கேன்சர் சொசைட்டியில ஸ்டோமா இருக்குறவங்களுக்கான உதவி பத்தியும் கேளுங்க, அங்க அத்தை மாதிரியே பை வச்சிருக்கவங்களை சந்திக்கலாம், நான் நூறு தடவை சொல்றதை விட அவங்களைப் பாத்தா அத்தைக்கு தைரியம் வரும். கோயில் விஷயத்துல அவங்களோட வாதாட வேண்டாம். பை பாதி நாள் கசியாம இருந்தாலே அவங்களுக்கே நம்பிக்கை வந்துடும், முதல்ல கூட்டம் இல்லாத ஒரு வார நாள் காலையில கூட்டிட்டுப் போங்க, ஹேண்ட்பேக்ல வெட்டி வச்ச தட்டு ஒண்ணு, பை ஒண்ணு, ஒரு மாத்துப் பாவாடை போட்டுக்குங்க.

மாமா விஷயத்துக்கு வரேன், இதுல நான் கொஞ்சம் கண்டிப்பா பேசுவேன். அவருக்கு டயப்பர் பிராண்ட் தேடுறதை நிறுத்துங்க. 20 வருஷ சுகர், கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சுகிட்டே இருக்கு, அந்த வயசு ஆம்பளை, இதெல்லாம் சேத்துப் பாத்தா மூத்திரப்பை காலியாகாம நிரம்பி வழியுதோன்னு எனக்கு சந்தேகம். சுகர் நரம்பைக் கெடுத்தா பை நிறைஞ்சதே தெரியாது, புரோஸ்டேட் பெருசா இருந்தா வழி அடைக்கும், ரெண்டுலயும் வெளிய பாக்குறதுக்கு "அடக்க முடியல"ன்னுதான் தெரியும். இதை டயப்பரால மூடி வச்சா உள்ள கிட்னிக்கு ஆபத்து. பாலிகிளினிக்ல (அரசாங்க கிளினிக்) சொல்லுங்க, யூரின் டெஸ்ட் எடுக்கணும், யூரின் போன பிறகு உள்ள எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஸ்கேன் பாக்கணும், வலிக்காது, வயித்து மேல வச்சுப் பாக்குறதுதான், அங்க அந்த மெஷின் இல்லன்னா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. மலச்சிக்கல் இருக்கான்னும் சொல்லுங்க, அதுவும் மூத்திரப்பையை அமுக்கும். அவர் எடுக்குற மாத்திரை லிஸ்ட்டைக் கொண்டு போங்க, யூரின் போக வைக்குற தண்ணி மாத்திரையை சாயங்காலம் போடுறாரான்னு பாருங்க, நேரத்தை மாத்தினாலே ராத்திரி பாதி குறைஞ்சவங்க உண்டு, ஆனா நீங்களா மாத்தாதீங்க, கேட்டுட்டு மாத்துங்க. தண்ணி குடிக்கிறதைக் கொறைக்க வேண்டாம், யூரின் கெட்டியானா மூத்திரப்பை எரிச்சலாகி இன்னும் அவசரமா வரும்.

போறதுக்கு முன்னாடி ஒரு 3 நாள் டைரி எழுதுங்க, எத்தனை மணிக்கு என்ன குடிச்சார், எத்தனை மணிக்கு எவ்வளவு போனார், எப்ப நனைஞ்சுது. ஒரு பழைய அளவுக் கப் போதும். டாக்டருக்கும் நர்ஸுக்கும் அந்த ஒரு தாள்ல முக்கால்வாசி பதில் கிடைச்சிடும்.

அதுவரைக்கும் ரெண்டு டயப்பர் போடாதீங்க. வெளிப்பக்கம் பிளாஸ்டிக், உள்ள இருக்குறது நிறைஞ்சாலும் அது வழியா வெளிய இருக்குறதுக்குப் போகாது, ஓரமா வழிஞ்சு பெட்ஷீட்டுக்குத்தான் போகும், நடுவுல தோல் வெந்துடும். இடுப்பையும் பின்பக்கத்தையும் டேப்பால அளந்து எது பெருசோ அந்த அளவுக்கு வாங்குங்க, பெரிய சைஸ் வாங்கினா நிறைய பிடிக்கும்னு நினைக்காதீங்க, தொடை ஓரம் இடைவெளி விழுந்து அங்கதான் லீக். ராத்திரிக்கு அதிகம் உறிஞ்சுறது ஒண்ணே ஒண்ணு போடுங்க, பகல்ல அவர் நடமாடுறார்னா ஆம்பளைங்களுக்குன்னு முன்பக்கம் கனமா வர்ற சின்ன பேட் போதும், முழு டயப்பர் போட்டா டாய்லெட் போற பழக்கமே விட்டுப் போயிடும். க்ரீம் மெல்லிசா, கை பட்டா வழுக்காத அளவுக்குத்தான், வெள்ளையா அப்பினா டயப்பர் ஈரத்தை உறிஞ்சாது. பவுடரும் க்ரீமும் சேத்துப் போட வேண்டாம், கட்டி கட்டியா தங்கி புண்ணாகும். காண்டம் மாதிரி உறை போட்டு பையில இணைக்குறது உண்டு, சில தாத்தாக்களுக்கு ராத்திரி தூக்கமே அதனாலதான் வருது, ஆனா அளவு எடுத்துத்தான் போடணும், உள்ள யூரின் தங்குறவங்களுக்கு அது ஆகாது, அதனால ஸ்கேன் முடியட்டும். சில நேரம் பிரச்சனை மூத்திரப்பையில இல்ல, ராத்திரி எழுந்து டாய்லெட் போறதுக்குள்ள வந்துடுது, அதுக்குக் கட்டில் பக்கத்துல ஒரு யூரின் பாட்டில், வழியில ஒரு சின்ன லைட், எச்டிபியோட (அரசாங்க வீட்டு வாரியம்) ஈஸ் திட்டத்துல பிடிமானக் கம்பியும் வழுக்காத தரையும் மானியத்துல போட்டுக் குடுப்பாங்க. டயப்பர், கதீட்டர் மாதிரி சாமானுக்கு 60 வயசு தாண்டினவங்களுக்கு ஏஐசி (முதியோர் பராமரிப்பு உதவிகளை ஒருங்கிணைக்குற அமைப்பு) மூலமா ஒரு மானியம் இருக்கு, எஸ்எம்எஃப்னு சொல்வாங்க, குடும்ப வருமானத்தையும் அவர் எந்த ஹோம்கேர் சர்வீஸ்ல இருக்காருங்குறதையும் பாத்துத் தருவாங்க, ரெண்டு பேருக்கும் என்னென்ன கிடைக்கும்னு ஒரே தடவையில ஏஐசிக்கு போன் பண்ணிக் கேட்டுடுங்க. யூரின் சுத்தமா வராம அடிவயிறு வலிச்சாலோ, ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் நடுக்கம் வந்தாலோ அன்னைக்கே ஏ அண்ட் இ கூட்டிட்டுப் போங்க.

அத்தைக்கு அடுத்த ஸ்டோமா கிளினிக் எப்பன்னு எழுதல, தள்ளி இருந்தா போன் பண்ணி முன்னாடி கேளுங்க, தோல் புண்ணாயிடுச்சு, தினமும் லீக்னு சொன்னா சீக்கிரம் பாப்பாங்க. போகும்போது கழட்டின தட்டு ஒண்ணை தூக்கிப் போடாம ஒரு ஜிப் பையில எடுத்துட்டுப் போங்க, பின்பக்கம் எந்த இடத்துல பசை கரைஞ்சிருக்குன்னு பாத்தே எங்க கசியுதுன்னு நர்ஸ் சொல்லிடுவாங்க. வீட்டுல பை மாத்துறது வேலைக்கு இருக்குற ஹெல்ப்பர்னா அவங்களையும் கூட்டிட்டுப் போய் நர்ஸ் முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க. மாமாவோட பாலிகிளினிக்கையும் அதே வாரத்துல போட முடியுமான்னு கேட்டுப் பாருங்க, லீவ் போட்டு அலையறது நீங்க ஒருத்தர்தானே.